சிறு விமானமும் புல் ஓடுபாதையும்: எமது வானத்தின் இன்னொரு பக்கம்

எங்கள் ஊரில் விமானங்களுக்குப் பட்டப்பெயர்கள் இருந்தன. கனத்த சத்தத்துடன் மெதுவாக வந்து பீப்பாய்க் குண்டுகளைத் தள்ளிவிட்டுப் போகும் சரக்கு விமானத்தைச் 'சகடை' என்றோம். சுற்றிச் சுற்றி நின்று வேவு பார்ப்பது 'வண்டு'. குத்தென்று இறங்கிக் குண்டு போடுவதெல்லாம் 'பொம்மர்'. சியாமாசெட்டி, புக்காரா, கிபிர், மிக் என்று இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே ரகத்தைச் சொல்லிவிடக்கூடிய பிள்ளைகள் எமது பள்ளிக்கூடங்களில் படித்தார்கள். நானும் அவர்களில் ஒருவன். பங்கருக்குள் இருந்தபடி சத்தம் நெருங்குகிறதா, விலகுகிறதா என்று கணித்த அந்தக் காது, விமானம் பற்றிய எமது தலைமுறையின் முதல் பாடப்புத்தகம்.

ஆனால் விமானத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. ஒருவரோ இருவரோ ஏறி, புல்வெளியில் சிறிது தூரம் ஓடி, எழும்பி, ஊரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு அதே புல்லில் வந்து இறங்கும் சிறு விமானங்களின் வரலாறு அது. எண்பது, தொண்ணூறு வயதான அத்தகைய விமானங்கள் உலகின் பல நாடுகளில் இன்றும் பறக்கின்றன. இவை எப்படி இயங்குகின்றன, இவற்றுக்கு ஏன் புல் வேண்டும், எவ்வளவு இடம் வேண்டும், குடாநாட்டின் காற்றும் மண்ணும் இவற்றுக்கு ஏற்றவையா, பலாலிக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்பவற்றைத் தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எவை இந்தப் பழைய சிறு விமானங்கள்?

மூன்று விமானங்களைத் தெரிந்துகொண்டால் போதும். மற்றவை பெரும்பாலும் இவற்றின் உறவுக்காரர்.

முதலாவது, பிரித்தானியாவின் டி ஹவிலண்ட் நிறுவனம் செய்த 'ரைகர் மொத்'. 1931 ஒக்டோபரில் முதன்முறை பறந்தது. மேலும் கீழுமாக மரச்சட்ட இரட்டை இறக்கை, உருக்குக் குழாய் உடற்சட்டம், அவற்றின்மேல் போர்த்திய துணி, கூரையில்லாத இரண்டு இருக்கைகள், 130 குதிரைவலு இயந்திரம். முழுச் சுமையுடனும் எடை ஏறத்தாழ 830 கிலோகிராம்தான். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியப் பேரரசின் விமானிகளில் பெரும்பகுதியினர் இதில்தான் பறக்கக் கற்றார்கள். 8,000க்கும் அதிகமானவை செய்யப்பட்டன.

இரண்டாவது, அமெரிக்காவின் 'பைப்பர் கப்'. மஞ்சள் நிறம், ஒற்றை மேலிறக்கை, ஒருவர் பின் ஒருவராக இரண்டு இருக்கைகள், 65 குதிரைவலு. முழு எடை 553 கிலோகிராம். 1938 முதல் 1947 வரை கிட்டத்தட்ட 20,000 கப் விமானங்கள் வெளிவந்தன.

மூன்றாவது, 'சிப்மங்க்'. இது 1946 மே மாதம் கனடாவில் முதன்முதலாகப் பறந்தது. ரைகர் மொத்தின் இடத்தைப் பிடிக்க வந்த உலோக உடல் பயிற்சி விமானம், 145 குதிரைவலு. 1951 மார்ச் 2ஆம் திகதி உருவான றோயல் இலங்கை விமானப்படையின் முதல் பயிற்சி விமானங்களும் சிப்மங்க்தான். இலங்கை விமானப்படையின் கதை குண்டுவீச்சு விமானத்தில் அன்றி, பயிற்சி மாணவனும் ஆசிரியரும் அமரும் ஓர் எளிய விமானத்தில்தான் தொடங்கியது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: இன்று சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏரிஆர்-72 விமானத்தின் முழு எடை ஏறத்தாழ 23,000 கிலோகிராம். அந்த எடைக்கு நாற்பது பைப்பர் கப் விமானங்களை நிறுத்தலாம்.

ஏன் புல்?

தார் போட வசதியில்லாததால்தான் அக்காலத்தில் புல்லில் இறங்கினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படியல்ல. அந்த விமானங்கள் புல்லுக்காகவே செய்யப்பட்டவை.

தொடக்ககால ரைகர் மொத் விமானத்துக்குத் தடை (பிரேக்) கிடையாது. வாலின் கீழே சில்லும் கிடையாது. ஓர் உலோகச் சறுக்குக்கட்டைதான் இருக்கும். தரையிறங்கியதும் அந்தக் கட்டை புல்லையும் மண்ணையும் கீறிக்கொண்டு வரும். அதுதான் அதன் தடை. விமானத்தை நேராக வைத்திருப்பதும் அதுவே. தாரில் இறக்கினால் கட்டை பிடிக்காது, தேய்ந்து போகும், விமானம் நிற்கவும் மாட்டாது.

இன்னொரு காரணம் வாற்சில்லு அமைப்பு. இவ்வகை விமானங்களில் இரண்டு பெரிய சில்லுகள் முன்னால் இருக்கும். பாரத்தின் மையம் அவற்றுக்குப் பின்னால் இருக்கும். பின்பக்கம் சுமை கூடிய வண்டி ஒன்று ஓடும்போது சற்றுத் திரும்பினால், பின்சுமை முன்னுக்கு வரப் பார்க்கும். வண்டி மேலும் மேலும் திரும்பும். விமானத்திலும் அதுவே நடக்கும். விமானியின் கால் கொஞ்சம் தாமதித்தால், விமானம் தரையிலேயே பம்பரம்போலச் சுழன்று இறக்கை நுனி மண்ணில் இடிக்கும். புல் சற்று வழுக்கிக் கொடுக்கும். பக்கவாட்டாக வந்து இறங்கினாலும் மன்னித்துவிடும். தார் மன்னிக்காது, ரயரைப் பிடித்து இழுக்கும்.

மூன்றாவது காரணம் காற்று. அந்தக் காலத்து விமானத்தளம் ஒரு பாதையாக இருக்கவில்லை. ஒரு வயலாக இருந்தது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் பார்த்து எழும்பலாம், இறங்கலாம். நீண்ட தார் ஓடுபாதை பாரமான விமானங்களின் தேவைக்காகப் பின்னர் வந்தது.

எவ்வளவு நீளம் வேண்டும்?

இதைச் சரியாகக் கணக்கிடாததால்தான் புல்தளங்களில் விபத்துகள் நடக்கின்றன. விமானத்தின் கைநூலில் இருக்கும் தூரம், பெரும்பாலும் கடல்மட்டத்தில், 15 பாகை வெப்பத்தில், காய்ந்த கடினமான பாதையில், புதிய விமானத்தில், தேர்ந்த விமானி எடுத்த தூரம். நிஜத்தில் ஒவ்வொன்றுக்கும் கூட்டவேண்டும். பிரித்தானிய சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை சிறு விமான ஓட்டிகளுக்குத் தரும் பொதுவான அளவுகள் இவை:

- வெப்பம் 10 பாகை கூடினால் எழும்பும் தூரம் 10 சதவீதம் கூடும்.
- காய்ந்த குறும்புல்லில் எழும்பும் தூரம் 20 சதவீதமும் இறங்கும் தூரம் 15 சதவீதமும் கூடும்.
- ஈரப்புல்லில் எழும்ப 30 சதவீதமும் இறங்க 35 சதவீதமும் கூடும். மிகக் குட்டையான ஈரப்புல் சறுக்குமாதலால் இறங்கும் தூரம் இதற்கும் மேலே போகலாம்.
- நிலம் இளகியிருந்தால் எழும்பும் தூரம் 25 சதவீதமோ அதற்கு மேலோ கூடும்.
- எடை 10 சதவீதம் கூடினால் எழும்பும் தூரம் 20 சதவீதம் கூடும்.
- எழும்பும் வேகத்தின் பத்திலொரு பங்கு வேகத்தில் பின்காற்று வீசினால் மேலும் 20 சதவீதம் கூடும்.

இவை கூட்டப்படுவன அல்ல, ஒன்றோடொன்று பெருக்கப்படுவன. இறுதியில் பாதுகாப்புக்காக எழும்புவதற்கு 1.33, இறங்குவதற்கு 1.43 என்பவற்றாலும் பெருக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கைநூலின்படி 300 மீற்றரில் எழும்பி 50 அடி உயரத்தைக் கடக்கும் ஒரு விமானம். சித்திரை வெயில் 35 பாகை. அதாவது கைநூலைவிட 20 பாகை கூட. 300 மீற்றர் 363 ஆகிறது. காய்ந்த புல்லுக்கு 436. பாதுகாப்புக்குப் பெருக்கினால் ஏறத்தாழ 580 மீற்றர். மாரியில் வெப்பம் சற்றுக் குறைந்தாலும் ஈரப்புல்லும் இளகிய நிலமும் சேரும்போது கணக்கு 700 மீற்றரைத் தாண்டிவிடும். கைநூலில் 300 என்று வாசித்துவிட்டு 350 மீற்றர் வயலில் இருந்து எழும்ப முயல்பவர், வயலின் மறுகரையில் உள்ள வேலியைத் தான் எதிர்பார்த்ததைவிட முன்னதாகச் சந்திப்பார்.

எங்கள் வேலிகளிலோ வேறொரு சிக்கல் இருக்கிறது. 50 அடி என்பது ஏறத்தாழ 15 மீற்றர். ஐரோப்பாவின் வயல்வேலிகளுக்கு அது போதும். நன்கு வளர்ந்த பனையோ அதன் இரு மடங்கு உயரத்துக்கும் போகும். ஓடுபாதையின் அந்தத்தில் ஒரு பனங்கூடல் நின்றால் மேற்சொன்ன கணக்குகள் எல்லாம் பயனற்றவை. போர்க்காலத்தில் பங்கர்களுக்கும் காப்பரண்களுக்கும் பனைகளை இழந்த மண்ணில், விமானத்துக்காக இன்னும் பனை தறிப்பதை எவரும் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

சோளகமும் வாடையும்

காற்றைப் பொறுத்தவரை குடாநாடு விமானிக்கு வாய்ப்பான இடம். எமது மீனவரும் தோட்டக்காரரும் ஆண்டைக் காற்றால் பிரித்து வைத்திருக்கிறார்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம். கார்த்திகையிலிருந்து மாசி வரை வடகிழக்கிலிருந்து வாடை. இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள். அந்தக் கோட்டின்மீது ஒரு பாதையை அமைத்தால் ஆண்டின் பெரும்பகுதியும் எதிர்காற்றிலேயே எழும்பலாம், இறங்கலாம்.

பலாலி ஓடுபாதை அப்படித்தான் கிடக்கிறது. அதன் குறியீடு 05/23. ஓடுபாதை எண்ணைப் பத்தால் பெருக்கினால் திசைகாட்டியின் பாகை வரும்: ஒரு முனையில் நின்றால் 50 பாகை, அதாவது வடகிழக்கு, மறு முனையில் நின்றால் 230 பாகை, அதாவது தென்மேற்கு. மயிலிட்டிக் கரையில் வள்ளம் இறக்குபவருக்குத் தெரிந்த காற்றுத்தான் அந்த எண்ணிலும் எழுதப்பட்டிருக்கிறது. கட்டுநாயக்க, இரத்மலானை ஓடுபாதைகளின் குறியீடு 04/22. தீவு முழுவதற்கும் இரு பருவக்காற்றுகளே திசை வகுத்திருக்கின்றன.

மண்ணும் பாதகமில்லை. வலிகாமத்தின் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் இருக்கிறது. மழைநீர் விரைவாகக் கீழே இறங்கிவிடும். தேங்கி நிற்கும் களிமண் நிலத்தைவிட அது புல் ஓடுபாதைக்கு உகந்தது. விளையாட்டு மைதானங்களுக்கும் புல்தளங்களுக்கும் வெப்பநாடுகளில் விரும்பிப் பயன்படுத்தும் புல் வேறெதுவுமல்ல, எங்கள் அறுகுதான். வேர் பின்னிப் படர்ந்து மண்ணைப் பிடிக்கும், மிதித்தாலும் தலையெடுக்கும்.

விமானத்துக்குத்தான் எமது காலநிலை கடினம். உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். வெயில் துணியை நைந்துபோகச் செய்யும். மரச்சட்டத்தைக் கறையான் தேடி வரும். வெப்பமும் ஈரமும் பசையையும் விடுவதில்லை. 1944 இல் ஆசியப் போர்முனையில் 'மொஸ்கிற்றோ' என்ற மர விமானங்களின் இறக்கை ஒட்டுகள் விட்டுப்போனதால் அவை சிலகாலம் பறக்காமல் நிறுத்தப்பட்டன. இன்னொன்று, வெளியே சுட்டெரிக்கும் வெயில் இருந்தாலும் காற்றில் ஈரப்பதன் கூடினால் பழைய இயந்திரத்தின் காபரேற்றருக்குள் பனிக்கட்டி பிடிக்கும். எரிபொருள் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் சடுதியாக விழுவதே காரணம். இறங்குவதற்காக விசையைக் குறைக்கும் வேளையில்தான் இது அதிகம் நடக்கும். அதனால் காபரேற்றருக்குச் சூடான காற்றை அனுப்பும் நெம்பை இழுத்துவிட்டு இறங்குவது விமானியின் பழக்கமாக இருக்கவேண்டும்.

பலாலிக்கு முன்னும் பின்னும்

இத்தீவின் பொது விமானத்தளக் கதையும் ஒரு சிறு விமானத்தோடுதான் தொடங்குகிறது. அதுவும் சென்னையிலிருந்து வந்தது. 1935 நவம்பர் 27ஆம் திகதி இரத்மலானையில் முதலாவதாகத் தரையிறங்கியது, மெட்ராஸ் பிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர் ரின்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த 'புஸ் மொத்' என்ற சிறு விமானம். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1932 ஒக்டோபர் 15 இல், ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு பறந்ததும் ஒரு புஸ் மொத் விமானத்தில்தான்.

காங்கேசன்துறைக்கு அருகே பலாலியில் விமானத்தளத்தை அமைத்தது பிரித்தானிய விமானப்படை. இரண்டாம் உலகப்போர்க் காலம். இந்து சமுத்திரத்தைக் கண்காணிக்கும் 'லிபரேட்டர்' நீண்டதூர விமானங்கள் இங்கிருந்து பறந்தன. போர் முடிந்தபின் அது பொதுமக்களின் தளமாயிற்று. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனது. விமானம் 'சீதாதேவி' என்று பெயரிடப்பட்ட டக்கோட்டா. டக்கோட்டாவும் வாற்சில்லு விமானந்தான். புல்லிலும் மண்ணிலும் இறங்க வல்லது. நாட்டின் தேசிய விமான சேவையின் முதற் பயணமே எங்கள் மண்ணைத் தொட்டுத்தான் போனது என்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

1983க்குப் பின்னர் பலாலி படைத்தளமாக இறுகியது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினார்கள். அவர்களின் வீடுகளும் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிகளும் தோட்டங்களும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. விமான ஓடுபாதையைக் காப்பதே அந்த வலயத்துக்குச் சொல்லப்பட்ட முதற் காரணம். எனவே பலாலியில் ஓடுபாதை என்ற சொல், காணி என்ற சொல்லைவிட்டுத் தனியாக நிற்பதில்லை.

2019 ஒக்டோபர் 17 இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் அது திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் சென்னையிலிருந்து பயணிகள் சேவை தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பர் 12 இல் மீண்டும் ஆரம்பித்தது.

பயிற்சி விமானம் குண்டு சுமந்தபோது

எமது வானத்தின் ஒரு கசப்பான உண்மையை இங்கே சொல்லாமல் விட முடியாது. எம்மைப் பயமுறுத்திய விமானங்களில் பல, பிறப்பால் இந்தச் சிறு விமானக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

'சியாமாசெட்டி' என்று நாம் சொன்ன எஸ்.எவ்-260, இத்தாலியில் பயிற்சிக்காகச் செய்யப்பட்ட சிறு விமானம். 1985 முதல் இலங்கை விமானப்படை அதன் இறக்கைக்குக் கீழே குண்டுகளையும் ரொக்கெற்றுகளையும் மாட்டியது. 'புக்காரா' ஆர்ஜென்ரீனாவில் செய்யப்பட்டது. போர்முனைக்கு அருகே செப்பனிடாத குறும்பாதைகளில் இருந்தும் எழும்ப வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டது. 1995 ஜூலை 9 இல் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது குண்டு போட்டது அந்த ரகம் என்றே அப்போது சொல்லப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள்.

மறுபுறத்தில், விடுதலைப் புலிகளின் வான்பிரிவு பயன்படுத்திய 'ஸ்லின்-143' செக் நாட்டில் செய்யப்பட்ட, நான்கு இருக்கைகள் கொண்ட ஒற்றை இயந்திரச் சிறு விமானம். பயிற்சிக்கும் சுற்றுலாவுக்குமானது. 2007 மார்ச் 26 இல் கட்டுநாயக்க விமானப்படைத் தளம் தாக்கப்பட்டது முதல், 2009 பெப்ரவரி 20 இல் கொழும்பில் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் ஒரு விமானம் மோதி, மற்றொன்று கட்டுநாயக்க அருகே வீழ்த்தப்பட்டது வரை, வன்னியின் குறும்பாதைகளில் இருந்து அவை இரவில் எழும்பின. அந்த அத்தியாயத்தை எவர் எப்படி மதிப்பிட்டாலும், பறக்கக் கற்பிப்பதற்காகச் செய்த விமானம் இரு தரப்பிலும் குண்டு சுமந்தது என்பது மாறாது.

பயணிகளும் தப்பவில்லை. 1998 செப்ரெம்பர் 29 இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து 55 பேர் மாண்டனர். பயணிகளில் பெரும்பாலானோர் தமிழர். விடுதலைப் புலிகளின் ஏவுகணையால் அது வீழ்த்தப்பட்டதாகவே விசாரணைகள் கூறின. பல ஆண்டுகள் கழித்துக் கடலிலிருந்து எடுத்த உடைகளையும் பொருட்களையும் பார்த்து உறவினர் அடையாளம் காணவேண்டியிருந்தது.

இத்தனைக்கும் நடுவே ஒரு நாள் மட்டும் வேறாக இருந்தது. 1987 ஜூன் 4. இந்திய விமானப்படையின் அன்ரனோவ்-32 விமானங்கள் ஐந்து குடாநாட்டின் மேலே பறந்து உணவுப் பொதிகளைப் போட்டன. விமானச் சத்தம் கேட்டு மக்கள் பங்கருக்குள் ஓடாமல் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்த நாள் என்று அதை மூத்தவர்கள் சொல்வார்கள். அதற்குப் பின் வந்த அரசியல் வேறு கதை.

இன்று எங்கே பறக்கின்றன?

புலம்பெயர்ந்த எம்மவர் வாழும் நாடுகளில் இவற்றைப் பார்ப்பது கடினமில்லை. இங்கிலாந்தின் பெட்போர்ட்ஷயரில் ஓல்ட் வார்டன் என்ற புல்தளத்தில் ஷட்டில்வேர்த் தொகுப்பு இருக்கிறது. முதலாம் உலகப்போருக்கு முந்திய விமானங்களையும் அங்கே பறக்கும் நிலையில் வைத்திருக்கிறார்கள். லண்டனுக்கு மேற்கே வைட் வால்தம், தென்கிழக்கே கென்ற் பகுதியில் ஹெட்கோர்ன் ஆகியவை நெடுங்காலப் புல்தளங்கள். வைட் வால்தம் போர்க்காலத்தில், தொழிற்சாலைகளிலிருந்து படைத்தளங்களுக்கு விமானங்களைக் கொண்டு சேர்த்த துணைப்படையின் தலைமையகமாக இருந்தது. அப்படைக்காகப் பெண் விமானிகள் பலரும் பறந்தார்கள்.

ஒரு கோடையில் அத்தகைய ஒரு புல்தளத்தின் வேலிக்கு வெளியே நான் நின்றிருக்கிறேன். ஒருவர் முன்னால் நின்று ரைகர் மொத்தின் மர விசிறியைக் கையால் சுழற்றிவிட்டார். அதற்கு மின்கலமும் இல்லை, தொடக்கி மோட்டாரும் இல்லை. இயந்திரம் பற்றிக்கொண்டதும் என் தோள்கள் தாமாகவே குறுகின. பக்கத்தில் நின்ற என் மகள் கையசைத்துக்கொண்டிருந்தாள். ஒரே சத்தம், இரண்டு காதுகள். போரில் வளர்ந்தவர்களின் உடம்பு விமானச் சத்தத்துக்கு இப்படி எழும்புவது கோழைத்தனம் அல்ல. அது உயிரைக் காத்த பழக்கம். எங்கே நிற்கிறோம், எந்த ஆண்டு இது என்று உடம்புக்கு மெல்லச் சொல்லிக்கொடுக்கப் பழகலாம். முடியாதவர்கள் வைத்தியரிடமோ உளவளத்துணையாளரிடமோ பேசலாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

சிறு விமானம் பொழுதுபோக்குக்கு மட்டுமானதும் அல்ல. 1928 மே மாதம் அவுஸ்திரேலியாவின் குளொன்கரியில் தொடங்கிய பறக்கும் வைத்தியர் சேவை இன்றும் மண்பாதைகளில் இறங்கி நோயாளரை ஏற்றுகிறது. ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் வெஸ்ரே, பாப்பா வெஸ்ரே ஆகிய இரண்டுக்கும் இடையே, இரண்டு நிமிடத்துக்குள் முடியும் பயணத்தை ஒரு சிறு விமானம் நடத்துகிறது. இதை வாசிக்கும்போது எனக்கு நெடுந்தீவு நினைவுக்கு வராமல் இல்லை. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, நோயாளி காத்திருக்கவேண்டும். ஆனாலும் அங்குள்ள குதிரைகள் மேயும் வெளியைப் பார்த்து 'இதோ ஓடுபாதை' என்று சொல்லிவிட முடியாது. அது அந்தக் குதிரைகளின் மேய்ச்சல் நிலம். தீவு மக்களின் சொத்து. முடிவு அவர்களுடையதாக இருக்கவேண்டும்.

எமது மண்ணில் சாத்தியமா?

600 மீற்றர் நீளமும், இருபுற ஒதுக்கத்தோடு 60 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு புல்தளத்துக்கு ஏறத்தாழ 9 ஏக்கர் வேண்டும். எங்கள் கணக்கில் 142 பரப்பு. வெங்காயமும் உருளைக்கிழங்கும் விளையும் செம்மண்ணில் 142 பரப்பு என்பது பல குடும்பங்களின் வாழ்வு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காணிக்காகக் காத்திருப்பவர்களின் முன்னால், பறப்பதற்கு இன்னும் நிலம் கேட்பது நியாயமில்லை.

நிலத்தின் பாதுகாப்பும் ஒரு கேள்வி. முகமாலை போன்ற முன்னைய போர்முனைகளில் கண்ணிவெடி அகற்றும் பணி போர் முடிந்து பல ஆண்டுகளாகத் தொடர்ந்தது. வெறும் புல்வெளி என்று கண்ணுக்குத் தெரிவதை நம்பி எங்கள் மண்ணில் எவரும் கால் வைப்பதில்லை. மூடாத கிணறுகளும் இடிந்த பங்கர்களும் வேறு. சட்டமும் உண்டு: 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியின்றி இங்கே தளமும் அமைக்க முடியாது, பறக்கவும் முடியாது.

என் கருத்து இதுதான். புதிய தளம் தேவையில்லை, பலாலி இருக்கிறது. உலகின் பல விமான நிலையங்களில் தார் ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே, அதே வேலிக்குள், சிறு விமானங்களுக்கு ஒரு புல்பாதை வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு பரப்புக் காணிகூட மேலதிகமாக வேண்டியதில்லை. ஏற்கனவே உள்ள எல்லைக்குள் ஒரு பறப்புப் பயிற்சிப் பள்ளியும் ஒரு பராமரிப்புக் கொட்டகையும் வந்தால், வடக்கின் பிள்ளைகள் விமானிகளாகவும் விமானப் பொறியியல் தொழில்நுட்பவியலாளர்களாகவும் வர ஒரு வாசல் திறக்கும். ஆனால் அதற்கு முன், விமானப் போக்குவரத்துக்குத் தேவைப்படாத காணிகள் உரியவர்களிடம் போய்ச் சேரவேண்டும். 'விமான நிலைய விரிவாக்கம்' என்ற பெயரில் அந்த வரிசை தலைகீழாகக் கூடாது.

பறக்க விரும்பும் பிள்ளைக்கு

சர்வதேச விதிகளின்படி தனியார் விமானி அனுமதிப்பத்திரம் பெறக் குறைந்தது 17 வயது ஆகவேண்டும். குறைந்தது 40 மணித்தியாலம் பறந்திருக்கவேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிநெறி என்றால் 35. அதில் 10 மணித்தியாலம் தனியாக. அதற்குள் குறைந்தது 270 கிலோமீற்றர் தூரத்தை, வழியில் வேறு இரண்டு தளங்களில் இறங்கி, தனியாகப் பறந்து முடித்திருக்கவேண்டும். மருத்துவச் சோதனையும் எழுத்துப் பரீட்சைகளும் உண்டு. நடைமுறையில் பலருக்கு 40 மணித்தியாலத்துக்கு மேலேயே பிடிக்கும், செலவும் அதிகம். பணத்தைக் கட்டுமுன் அந்தப் பள்ளிக்கு நாட்டின் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அச்சபையிடமே கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

செலவில்லாமல் தொடங்கவும் வழி இருக்கிறது. க.பொ.த. சாதாரண தரத்துக் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் ஒழுங்காக வந்தால் விமானவியலின் அடிப்படை விளங்கும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, நாளை மாறுமா, முகில் எந்த உயரத்தில் நிற்கிறது என்று தினமும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதிப் பழகுங்கள். நல்ல விமானி விமானத்தில் ஏறுமுன் செய்யும் முதல் வேலை அதுதான். சோளகத்தையும் வாடையையும் பெயர் சொல்லி அழைக்கும் ஊரில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் பாதி வீட்டிலேயே கிடைக்கும்; கடற்கரையில் வலை பொத்தும் ஒரு முதியவரிடம் கேட்டால் மீதியும் கிடைக்கும்.